இருட்டறையில் வெடித்த வெளிச்சம்

கையடக்கப் புகைப்படக் கருவியின் உடலிலேயே ஃபிளாஷ் விளக்கும் குடியேறியது 1975ஆம் ஆண்டில். ஜப்பானியக் கோனிகா நிறுவனத்தின் சி 35 இ.எஃப். என்னும் கருவியே 35 மி.மீ. படச்சுருள் இடும் சிறு கருவிகளில் இதற்கு வழிகாட்டி. அன்று முதல் இருளை வென்றுவிட்டதாகவே பலரும் எண்ணினர். நாடக அரங்கின் கடைசி வரிசையிலிருந்தும், இசை மேடைக்கு எதிரே நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்திலிருந்தும் மின்மினிகளாய்ப் பளிச்சிடும் ஒளிப்பொட்டுகளை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! அந்தப் படங்களில் கிடைப்பதோ முன்வரிசைக்காரரின் வெளுத்த பிடரி. அதற்கப்பால் கரிய வெறுமை.

இதில் வியப்பேதுமில்லை. தொலைவு பெருகப் பெருக ஒளி அதன் இருமடி விகிதத்தில் குன்றும் என்பது பள்ளிப்பாடம். இரண்டு மீட்டரில் நிற்பவருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்குதான் இருபது மீட்டருக்கு அப்பால் இருப்பவரைச் சென்றடையும். சிறு விளக்கின் திறனெண் 12 என்றால், 100 வேகச் சுருளில் துளையளவை 4 என வைக்கும்போது அதன் ஆட்சி மூன்று மீட்டரோடு முடிந்துவிடுகிறது. விளக்கு ஆடியை ஒட்டியே இருப்பதால் நிழல்கள் பொருள்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன, முகம் தட்டையாகிறது. இருளில் விரிந்திருக்கும் கருவிழியினூடே ஒளி புகுந்து விழித்திரையின் குருதிநிறத்தைத் திருப்பியனுப்ப, நல்ல மனிதரும் செங்கண்ணராய்த் தோன்றுகின்றனர். இன்றைய கைபேசி விளக்கோ இதனினும் வலுக்குன்றியது. அதன் இரவுப் படமுறை விளக்கையே நாடாமல், அடுத்தடுத்து எடுத்த பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருளைத் தெளிவாக்குகிறது.

எனினும் நம்மை உறுத்துவது தொழில்நுட்பக் குறையன்று. இருளில் இருப்பவர் மீது ஒளியை எறிய நமக்கு என்ன உரிமை என்னும் கேள்வியே அது. இக்கேள்வியின் மூலத்தைத் தேடினால் ஜேக்கப் ரீஸின் படங்களுக்கு வந்து சேர்கிறோம்.

டென்மார்க்கில் 1849இல் பிறந்து 1870இல் அமெரிக்கா சென்ற ரீஸ், நியூயார்க்கில் காவல்துறைச் செய்தியாளராய்ப் பணியாற்றினார். குடியேறிய ஏழைகள் அடைபட்டுக் கிடந்த அடுக்குக் குடியிருப்புகளின் அவலத்தை அவர் எழுதிப் பார்த்தார், எவரும் அசையவில்லை. மக்னீசியத் தூளைக் கொளுத்தி இருளிலும் படமெடுக்கலாம் என்னும் ஜெர்மானியக் கண்டுபிடிப்பை 1887இல் செய்தித்தாளில் படித்ததும் அவர் வழி கண்டார். தொடக்கத்தில் தோட்டாவாக்கித் துப்பாக்கி போன்ற கருவியில் வைத்து அத்தூளை வெடித்தனர். நள்ளிரவில் அந்நியர் கூட்டமொன்று துப்பாக்கியுடன் அறைக்குள் நுழைந்தால் உறங்குவோர் என்ன ஆவார்? பின்னர் ரீஸ் அதை விடுத்து, சமையலறை வாணலியில் தூளைக் கொட்டிக் கொளுத்தலானார்.

1889இல் பேயர்ட் தெருவில் எடுத்த படத்தைப் பாருங்கள். எப்பக்கமும் பதின்மூன்று அடிக்கு எட்டாத அறையில் ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர் படுத்திருந்ததாக ரீஸே எழுதுகிறார். ஓர் இடத்திற்கு இரவு வாடகை ஐந்து சென்ட். பலகைப் படுக்கையிலிருந்து அரைத்தூக்கத்தில் விழித்தவர்களின் பார்வையில் வெகுளியுமில்லை, வேண்டுதலுமில்லை. என்ன நடந்தது என்றறியாத திகைப்பே உள்ளது. மூட்டையும் காலணியும் பாத்திரமும் அவர்களின் முகத்துக்கு நிகரான தெளிவோடு பதிந்திருக்கின்றன. இப்படத்தின் வலிமையும் வன்மையும் இதுவே என்போம். அந்த வெளிச்சம் ஆளையும் அழுக்கையும் வேறுபடுத்தவில்லை. தன் வறுமையை எவ்வாறு காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்யும் சிறு சுதந்திரமும் அந்த உழைப்பாளிகளுக்கு வாய்க்கவில்லை.

வேறொரு நிகழ்ச்சி இதனினும் கசப்பானது. பார்வையற்றோர் வாழ்ந்த அறையொன்றில் படமெடுத்தபோது தீப்பொறி பறந்து சுவரில் தொங்கிய தாளும் கந்தலும் பற்றிக்கொண்டன. ஐந்து பார்வையற்றவருக்கும் அபாயமே தெரியவில்லை. ரீஸ் தனியாளாய்ப் போராடித் தீயை அணைத்தார். அவர்கள் காணவே முடியாத ஒளிக்காக அவர்களின் கூரை எரிய இருந்தது! இதைத் தம் நூலில் மறைக்காமல் எழுதியமைக்காக அவரைப் பாராட்டுகிறோம். ஆனால் அதை அவர் எழுதும் தொனியில் சாகசக் கதையின் சாயல் இருப்பது நமக்கு உவப்பாயில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1890இல் வெளிவந்த அந்நூல் நகரத்தின் மனச்சான்றை உலுக்கியது. தியோடர் ரூசவெல்ட் காவல் ஆணையராய் இருந்த காலத்தில், 1896இல், ரீஸ் நெடுங்காலம் எதிர்த்துவந்த காவல்நிலையத் தங்கிடங்கள் மூடப்பட்டன. அந்த வெடியொளி இல்லையேல் அறையின் இருள் வெளியே எவருக்கும் தெரிந்திராது.

அப்படியானால் ஃபிளாஷ் இன்றி எடுப்பதுதான் நாகரிகமா? ஜெர்மனியின் எரிக் சாலமன் 1.8 துளையளவுள்ள எர்மனாக்ஸ் கருவியைக் கொண்டு, அறையில் இருந்த ஒளியிலேயே படமெடுத்தார். 1930இல் ஹேக் மாநாட்டின்போது, நள்ளிரவு கடந்து நாற்காலிகளில் சாய்ந்து கண்ணயர்ந்த அமைச்சர்களை அவர் எடுத்த படத்தில் விளக்கொளியும் களைப்பும் ஒன்றாய்க் கசிகின்றன. ஃபிளாஷ் வெடித்திருந்தால் அனைவரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பர். அந்த உண்மை மறைந்திருக்கும். ஆனால் இதே சாலமன்தான் 1928இல் நீதிமன்றத்தில் தொப்பிக்குள் கருவியை ஒளித்து வைத்துப் படமெடுத்தவர். அமெரிக்காவின் வாக்கர் எவன்சும் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், மேலங்கிக்குள் மறைத்த கருவியால் பயணிகளை எடுத்தார்; அவர்கள் எவருக்கும் தாம் பதிவானது தெரியாது.

ஃபிளாஷ் முரட்டுத்தனமானது, ஆனால் வெளிப்படையானது: உன்னைப் பார்த்துவிட்டேன் என்று அறைந்து சொல்கிறது. மறைந்த ஆடி மென்மையானது, ஆனால் சொல்லாமலே எடுத்துச் செல்கிறது. ஹேக்கில் உறங்கியவர்கள் ஆட்சியாளர்கள். மறுநாள் நாளேட்டுக்கு மறுப்பெழுத அவர்களால் இயலும். பேயர்ட் தெருவில் உறங்கியவர்களுக்கு அந்த வாய்ப்பில்லை. நம் அளவுகோல் ஒளியின் வகையைவிட இந்த வேறுபாட்டையே பெரிதும் சார்ந்திருக்கிறது. அரங்கில் ஆடும் கலைஞரோ, இரவு வழிபாட்டில் மெழுகுதிரியின் அருகே கண்மூடி நிற்கும் மூதாட்டியோ, இவ்விரு நிலைகளுக்கும் இடையில் நிற்பவர்கள். அவர்களை நோக்கிக் கருவியை உயர்த்துபவர் பெரும்பாலும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ரீஸ் 1914இல் மறைந்தார். தம்மைப் படக்கலைஞராக அவர் கருதியதேயில்லை. கேட்பாரற்றுக் கிடந்த அவருடைய கண்ணாடித் தகடுகளிலிருந்து புதிதாய் அச்சிட்ட படங்கள் 1947இல்தான் நியூயார்க் நகர அருங்காட்சியகச் சுவரில் ஏறின. பேயர்ட் தெருவில் திகைத்து விழித்த அந்த முகங்களுக்கு அன்றும் பெயர் எழுதப்படவில்லை.