எந்த வேலைக்கு அனுமதிச் சீட்டு?

கோவில்பட்டி, சாத்தூர் கரிசல் வட்டாரத்தில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றால் குழந்தைக்கும் தெரியும். மழை குறைவு, வறண்ட காற்று. மருந்து முக்கிய குச்சி விரைவில் உலர உதவும் அதே வறட்சி, தீப்பற்றவும் உதவுகிறது.

உங்கள் வீட்டுத் தீப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். இவ்விரண்டையும் பிரித்து வைத்ததே அதன் பாதுகாப்பு. உலர்ந்த நிலையில் இவை ஒன்றாகக் கலந்தால் சிறு உராய்வே வெடிக்கப் போதும்.

அன்றாட வேலையில் இவ்விரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. சந்திக்க வாய்ப்பு எப்போது? தரையைக் கூட்டி அள்ளும்போது, எந்திரத்தைப் பழுதுபார்க்கும்போது, மிஞ்சிய மருந்தை அப்புறப்படுத்தும்போது. வழக்கத்துக்கு மாறான வேலைதான் ஆபத்தின் வாசல்.

நம் விதிகள் இதைப் பார்க்கின்றனவா? 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள், ஒரே நேரத்தில் எத்தனை கிலோ பட்டாசு தயாரிக்கலாம் என்று கணக்கிட்டு உரிமம் வழங்க வகுத்தன: 15 கிலோ வரை மாவட்ட நிர்வாகம், அதற்கு மேல் மத்திய வெடிபொருள் துறை. தொழிற்சாலைச் சட்டமோ ஆட்களை எண்ணியது. இந்த அளவுகோல்கள் வேண்டியவையே. ஆனால் 14 கிலோ மருந்தில் விழும் பொறி எடையைக் கேட்டு அடங்குமா? 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. உரிமம் ஆலைக்கு உரியது. இன்றைய வேலையை அது அறியாது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் தகுதியுள்ளவர் சோதித்து எழுத்துச் சான்று தர வழிசெய்தது. ஆனால் எரிபொருள் இருந்த தொட்டியில் வெல்டிங் செய்வதற்கு, ‘தக்க நடவடிக்கை எடுத்த பின்’ என்றதோடு 37ஆம் பிரிவு நின்றுவிட்டது. எழுத்துச் சான்று கேட்கவில்லை. இது குறையே.

சீட்டு மட்டும் போதுமா? போதாது. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் மாண்டனர். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. சீட்டும் எழுதப்பட்டிருந்தது. இரவு முறைக்காரர்களுக்கு அச்செய்தி எட்டவில்லை, பம்பை ஓட்டிவிட்டனர்.

எல்லா வேலைக்கும் சீட்டு என்பதும் தவறு. நாளுக்கு நூறு கையெழுத்துப் போடுபவர் எதையும் படிக்கமாட்டார். ஆகவே நான்கே கேள்விகள் போதும். இந்த வேலை அன்றாட வேலைக்கு மாறானதா? நெருப்போ பொறியோ உராய்வோ மருந்தின் அருகே வருமா? உள்ளே போகும் ஆள் தானே வெளியேற முடியாத இடமா? வேலை பாதியில் வேறு கைக்கு மாறுமா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் சீட்டு வேண்டும். எழுதுபவர் இடத்தை நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அடுத்த முறைக்கு வருபவரிடம் வாய்விட்டும் சொல்ல வேண்டும்.

“சிறு தொழிலுக்கு இது கட்டுபடியாகுமா?” என்பார்கள். இத்தகைய வேலைகள் மாதத்தில் சிலவே வரும். அதற்குச் செலவாவது அரைமணி நேரமும் ஒரு தாளும். உங்கள் தாயோ அண்ணனோ அந்த ஆபீசில் வேலை பார்ப்பவரானால், இக்கேள்விகளை அங்கே கேட்பவர் யார் என்று இன்றே விசாரியுங்கள்.