திருப்பி மாட்டிய லென்ஸ்

பழைய ஃபிலிம் கேமராவோடு வந்த 50 மி.மீ. லென்ஸ் வீட்டில் கிடந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் வெளியே பார்க்கும்படி திருப்பி மாட்டினால் அதுவே மேக்ரோ லென்ஸ். தூரத்துக் காட்சியைச் சுருக்கி ஃபிலிமில் விழவைக்கச் செய்யப்பட்டது அது. திருப்பினால் சின்னது பெரிதாகிறது. திறப்பளவை மாற்றும் வளையம் லென்ஸிலேயே இருப்பது பழசின் பெரிய வசதி. புதியவற்றில் பலவும் கேமராவின் மின்தொடர்பு இல்லாவிட்டால் அசையாது.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஜோடி லென்ஸ். கேமராவில் 200 மி.மீ. லென்ஸ், அதன் முகத்தோடு முகம் ஒட்டினாற்போல் 50 மி.மீ. லென்ஸ், நடுவே இருபுறமும் மரை வெட்டிய வளையம். 200-ஐ 50-ஆல் வகுத்தால் 4. பொருள் தன் நிஜ அளவைப்போல 4 மடங்காக சென்சாரில் விழும். தொட்டால் விரலில் பொடியாக ஒட்டுகிறதே வண்ணத்துப்பூச்சியின் இறகு, அது ஓடு வேய்ந்த கூரைபோல வரிசை வரிசையான செதில்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பயனில்லை; கேமராவையே மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். வெளியே தெரியும் பின்கண்ணாடிக்குக் காவலாக, லென்ஸின் பின்மூடியை நடுவில் வட்டமாக வெட்டி மாட்டிவிடலாம். பக்கவாட்டு வெளிச்சத்தையும் அது தடுக்கும்.