சந்திரன் சீட்டும் மீன ராசியும்

டாரட் கட்டின் பதினெட்டாம் சீட்டு சந்திரன். மேலே முகமுள்ள நிலா, கீழே இரண்டு கோபுரங்கள், அவற்றுக்கு நடுவே வளைந்தோடும் பாதை. நாயும் ஓநாயும் நிலாவைப் பார்த்து ஊளையிட, முன்னாலுள்ள குளத்திலிருந்து கொடுக்குகளோடு ஒரு நண்டினத்து உயிர் கரையேறப் பார்க்கிறது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் வகுத்துச் சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909-ல் லண்டனில் வெளியான கட்டில் இந்தப் படம் இப்படி இருக்கிறது. ஆங்கிலக் கையேடுகளிலிருந்து தமிழுக்கு வந்திருக்கும் விளக்கம், இது மீன ராசிக்குரிய சீட்டு, மயக்கம், மறைபொருள், ஏமாற்று, ஆழ்மனம் ஆகியவற்றைக் குறிக்கும் என்பது. இந்த விளக்கத்தில் இரண்டு சரக்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று படம், மற்றொன்று படத்தின்மேல் ஒட்டப்பட்ட ஜோதிட முத்திரை. படத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. முத்திரை அந்த மதிப்பைக் கூட்டவில்லை, குறைக்கிறது.

முத்திரை வந்த வழியைப் பார்த்தாலே அதன் பலவீனம் புரியும். டாரட் பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டத்துக்காகப் பிறந்தது. அது எகிப்தியரின் ரகசிய ஞானநூல் என்று பிரெஞ்சு அறிஞர் கூர் த ஜெபலின் 1781-ல் எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கும் வழி 1822-ல்தான் திறந்தது என்பதால் அவர் கூற்றுக்குச் சான்று எதுவும் இருந்திருக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எலிபாஸ் லெவி 22 படங்களையும் 22 எபிரேய எழுத்துகளோடு இணைத்தார். 1888-ல் லண்டனில் தொடங்கிய 'கோல்டன் டான்' என்ற மறைஞானச் சங்கம், அந்த எழுத்துகளை மூன்று பூதங்கள், ஏழு கோள்கள், பன்னிரண்டு ராசிகள் என்று பங்கிடும் பழைய யூத மரபைச் சீட்டுகளுக்குப் பொருத்தியது. ஆனால் எண்ணில்லாத 'மூடன்' சீட்டை எங்கே வைப்பது என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. லெவி அதைக் கடைசிக்கு முந்தைய இடத்தில் வைத்தார், லண்டன்காரர்கள் முதலில் வைத்தார்கள். விளைவாக எழுத்துகள் ஓரிடம் நகர்ந்தன. லண்டன் வரிசையில் சந்திரன் சீட்டு மீனத்துக்குப் போகிறது; அதே பங்கீட்டை லெவியின் வரிசைக்குப் பொருத்தினால் கும்பத்துக்குப் போகிறது. ராசிகளின் ஒழுங்கு கலையாமலிருக்க எட்டாம் சீட்டான நீதியையும் பதினொன்றாம் சீட்டான வலிமையையும் இடம் மாற்றவும் வேண்டியிருந்தது. வெயிட்டின் கட்டு அந்த மாற்றத்தோடுதான் அச்சானது.

இதைவிட வினோதம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. சந்திரனின் ஆட்சி வீடு கடகம், அதன் உருவம் நண்டு என்பதில் நம்மூர் ஜோதிடமும் மேலை ஜோதிடமும் ஒன்றுபடுகின்றன. நிலாவும் நண்டினத்து உயிரும் கண்ணெதிரே இருக்கும் ஒரு படத்துக்குக் கடகம்தான் பொருந்தும் என்று எவரும் சொல்வார்கள். அட்டவணையோ கடகத்தைத் 'தேர்' சீட்டுக்கும், சந்திரன் என்ற கோளைப் 'பெண் பூசாரி' சீட்டுக்கும் கொடுத்துவிட்டு, சந்திரன் சீட்டை மீனத்தில் சேர்க்கிறது. படத்தைப் பார்த்துப் பொருள் கண்டவர்கள் செய்த வேலை இல்லை இது. எண்ணி வரிசைப்படுத்தியவர்கள் செய்த வேலை.

தமிழுக்கு வரும்போது இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிறது. மேலைக் கணக்கில் சூரியன் மீனத்தில் நிற்பது ஏறத்தாழ பிப்ரவரி 19 முதல் மார்ச் 20 வரை. நம் பஞ்சாங்கம் பின்பற்றும் நிராயணக் கணக்கில் ராசிச் சக்கரத்தின் தொடக்கம் மேலைக் கணக்கிலிருந்து சுமார் 24 பாகை (அயனாம்சம்) தள்ளி நிற்பதால் சூரியன் மீனத்தில் இருப்பது பங்குனி மாதத்தில், அதாவது மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை. அதோடு, தமிழர் ஒருவர் தம் ராசி மீனம் என்று சொன்னால் அது சூரியன் நின்ற வீட்டைக் குறிக்காது. பிறந்த நேரத்தில் சந்திரன் பூரட்டாதி நான்காம் பாதத்திலோ உத்திரட்டாதியிலோ ரேவதியிலோ இருந்ததைக் குறிக்கும். அப்படிப் பிறந்தவர் ஐப்பசியிலும் பிறந்திருக்கலாம், ஆடியிலும் பிறந்திருக்கலாம். ஆக, லண்டன் அட்டவணையின் மீனமும் திண்டிவனத்துக்காரரின் மீனமும் வெவ்வேறு. ஒன்றுக்குச் சொன்ன பலனை மற்றதற்கு அப்படியே வாசிப்பது அந்தந்த முறையின் சொந்த விதிப்படியே பிழை.

நிலா எங்கும் மயக்கத்தையும் நிலையாமையையும்தான் குறிக்கிறது, எனவே அட்டவணை தவறினாலும் பொருள் தவறாது என்று வாதிடலாம். விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசம், எண்ணாயிரம், எசாலம் என்று சோழர் காலக் கோயில்கள் அடுத்தடுத்து நிற்கும் வட்டாரமே இதற்கு எதிர்ச்சான்று. சோழர் காலத் தானக் கல்வெட்டுகளில் அறக்கொடை 'சந்திராதித்தவல்' நடக்க வேண்டும் என்ற வாசகம் வழக்கமாக வரும். நிலவும் சூரியனும் உள்ளவரை என்பது பொருள். அங்கே நிலா நிலைபேற்றுக்குச் சாட்சி. நவக்கிரக மேடையில் அதே சந்திரன் மனோகாரகன், தாய்க்குக் காரகன், நெல்லும் முத்தும் வெண்மையும் அவனுக்குரியவை. வெயிட்டோ அதே நிலாவில் மறைந்த பகையையும் அவதூறையும் அச்சத்தையும் கண்டார். ஒரே நிலாவில் மூன்று மரபுகள் மூன்று பொருள் கண்டிருக்க, அவற்றில் ஒன்றை மட்டும் பிரபஞ்ச விதி என்று சொல்ல இடமில்லை.

நம் ஜோதிடமும் கோளுக்கு ஒரு தானியம், ஒரு மணி என்று அட்டவணை போடுகிறதே, அதை ஏற்று இதை மறுப்பது ஓரவஞ்சனை இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜாதகம் பிறந்த நேரத்தையும் இடத்தையும் வைத்துக் கணிக்கப்படுகிறது. அந்தக் கணிதத்தை இன்னொருவர் சரிபார்க்கலாம். சீட்டு குலுக்கலில் வருகிறது, சரிபார்க்க ஒன்றுமில்லை. இது வேறுபாடுதான். ஆனால் கணக்கு சரியாக இருப்பதால் பலன் சரியாகிவிடாது. வானியலாளர் ஜயந்த் நார்லிகரும் அவர் குழுவினரும் மகாராஷ்டிரத்தில் நடத்திய சோதனையில், படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகளின் ஜாதகங்களிலிருந்து ஆளுக்கு 40 வீதம் பெற்ற 27 ஜோதிடர்கள் சராசரியாக 46 சதவீதமே சரியாகப் பிரித்தார்கள். நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும். ஆகவே என் மறுப்பு டாரட்டோடு நிற்கவில்லை. இன்னொரு சாரார், சீட்டு விழுவதும் மனநிலையும் ஒத்திசைகின்றன என்ற உளவியலாளர் யுங்கின் கருத்தைக் காட்டுவார்கள். அதை ஒப்புக்கொண்டாலும், சீட்டையும் மனதையும் சேர்த்துப் பொருள் காண்பவர் அந்த மனிதரே என்றுதான் ஆகிறது. மீனமா கும்பமா என்ற கேள்விக்கு அங்கே வேலையில்லை.

அப்படியானால் சீட்டில் எஞ்சும் வலிமை எது? படம்தான். நாயும் ஓநாயும் ஒரே நிலாவைப் பார்த்து ஊளையிடும் காட்சி, வீட்டுக்குப் பழகிய அச்சத்தையும் பழகாத அச்சத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. இதைப் பார்த்து உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டால், நேரே கேட்டால் வாய் திறக்காதவரும் பேசுவார். கிளி ஜோசியத்தின் பலமும் இதுவே. கூண்டிலிருந்து வந்த கிளி ஒரு சீட்டை அலகால் இழுத்துப் போட, அதிலுள்ள சாமியின் கதையை ஜோசியர் ராகம் போட்டுச் சொல்ல, எதிரே குந்தியிருப்பவர் அந்தக் கதையில் தன் கஷ்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். சில ரூபாய்க்கு ஒருவர் காதுகொடுத்துக் கேட்கிறார் என்பது சிறிய விஷயமல்ல. ஆனால் அதே இடத்தில்தான் ஆபத்தும் தொடங்குகிறது. அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1948-ல், கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த பொதுவான வரிகளைத் தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஒன்றுபோலக் கொடுத்து, இது உங்கள் தனிக்குணம் என்றார். அவர்கள் அது பொருந்துவதற்கு ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். பொருந்துகிறது என்ற உணர்வு, உண்மைக்குச் சான்று ஆகாது.

முன்கணிப்பாக மாறும்போது சீட்டு என்ன ஆகும் என்பதைப் பழைய தென்னாற்காட்டு மண்ணே காட்டியது. 2024 ஏப்ரலில், கடலூர் மக்களவைத் தொகுதி பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சான் வெல்வார் என்று கிளி எடுத்த சீட்டை வைத்து ஜோசியர் ஒருவர் சொன்னார். கூண்டுக் கிளி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று வனத்துறை அவரைப் பிடித்தது. ஜூனில் வென்றவர் காங்கிரசின் விஷ்ணு பிரசாத். தேர்தல் பலன் தவறினால் சிரித்துவிட்டுப் போகலாம். சந்திரன் சீட்டை எடுத்துக் காட்டி, உங்களைச் சுற்றி மறைமுக எதிரி இருக்கிறார் என்று ஒரு குடும்பத்திடம் சொன்னால், சந்தேகம் நாத்தனார் மீதோ பங்காளி மீதோ விழும். அடுத்து செய்வினை, அதற்கடுத்து பரிகாரச் செலவு. அந்தப் பலனைச் சரிபார்க்கவும் முடியாது, சொன்னவரைப் பொறுப்பாக்கவும் முடியாது. ராசி முத்திரை இங்கேதான் கேடு செய்கிறது. கேள்வியாக இருக்க வேண்டியதை அது தீர்ப்பாக ஆக்குகிறது. சீட்டு வாசிப்பவர்கள் மீனத்தையும் எபிரேய எழுத்தையும் கைவிட்டு, படத்தை முன்வைத்துக் கேள்வி கேட்பதோடு நின்றால் அந்தத் தொழிலில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. முத்திரை இல்லாமல் வாடிக்கையாளர் வரமாட்டார் என்பவர்கள், தாங்கள் விற்பது அந்த அதிகாரத் தோரணையைத்தான் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.