ஒருவர் தரை, மற்றவர் கூரை

அடுக்குமாடி வாழ்க்கையின் அடிப்படைச் சிக்கலை ஒரு நீர்த்துளி விளக்கிவிடும். மூன்றாம் மாடியின் குளியலறைத் தரையே இரண்டாம் மாடியின் கூரை. நாற்பது ஆண்டு கடந்த கட்டடத்தில் அத்தரையின் நீர்காப்புப் பூச்சுத் தேய்ந்து, கீழ்வீட்டில் நீர் சொட்டத் தொடங்கினால், பழுதுபார்க்க வேண்டியவர் யார்? மலேசியச் சட்டமும் சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் இதற்கு இருவேறு விடைகள் தருகின்றன. அவற்றை ஒப்புநோக்கின், பொதுச் சொத்து என்பதற்கு இரண்டும் கொள்ளும் பொருள் புலனாகும்.

மலேசியாவின் 2013 ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 2015 இல் நடைமுறைக்கு வந்தது. கூரையில் நீர் கசிந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, குறை மேல்வீட்டிலோ மேலுள்ள பொதுப்பகுதியிலோ இருப்பதாகவே அதன் 142 ஆம் பிரிவு கொள்கிறது. முறையீடு கிடைத்த ஏழு நாள்களுக்குள் நிர்வாகம் நேரில் ஆராய வேண்டும் என்பது விதி. இதன் சிறப்பு மறுக்கவொண்ணாதது. மேல்வீட்டுத் தரைக்குள் நிகழ்வதைக் கீழ்வீட்டார் எங்ஙனம் அறிவார்? மெய்ப்பிக்கும் சுமையை அவர் தோளிலிருந்து இறக்கியது அறத்தோடு இயைந்ததே.

ஆயினும், இவ்விதி தவறு யாருடையது என்றே தேடுகிறது. பழங்கட்டடத்தில் பல வேளைகளில் தவறிழைத்தவர் எவருமிலர். காலத்தின் தேய்மானமே காரணம். குற்றம் தம்மேல் விழுந்ததாக எண்ணும் மேல்வீட்டார் கதவை அடைத்துக்கொள்கிறார். அண்டை வீட்டார் வழக்காளிகளாகின்றனர். நீரோ சொட்டிக்கொண்டே இருக்கிறது.

கழக வீடுகளில் தளக்கசிவைச் சீர்செய்வது மேல்வீட்டார், கீழ்வீட்டார் இருவரின் கூட்டுப் பொறுப்பு. தகுதியுள்ள வீடுகளுக்குக் கழகம் செலவில் பாதியை ஏற்கிறது. எஞ்சிய பாதியை இருவரும் சமமாகப் பகிர்கின்றனர். துன்புறுபவரே பணமும் செலுத்துவதா என்று கேட்கத் தோன்றும். அக்கேள்வியில் நியாயம் உண்டு. எனினும், ஒரே தளத்தின் மேற்புறத்தை ஒருவரும் அடிப்புறத்தை மற்றவரும் பயன்கொள்வதால், தேய்மானத்தையும் இருவரும் ஏற்பதே பொருத்தம். இம்முறை குற்றவாளியைத் தேடாமல் பங்காளிகளைக் காண்கிறது.

ஆயின், அப்பங்கீடு எளிதாவது கழகம் பாதியைச் சுமப்பதனாலேயே என்பதை மறத்தலாகாது. மலேசியாவின் மலிவுவிலை அடுக்ககங்களில், அரசின் உதவித் திட்டங்கள் இருப்பினும், அன்றாடப் பராமரிப்பு குடியிருப்போர் செலுத்தும் கட்டணத்தையே நம்பியுள்ளது. சேமநிதிக்குச் சேர்வது பொதுவாக அக்கட்டணத்தில் பத்து விழுக்காடு. குறைந்த கட்டணத்தில் பத்திலொரு பங்கு எவ்வளவு இருக்கும்? வீட்டு விலை மலிவு என்பதற்காக மின்தூக்கியின் உதிரிப்பாகம் மலிவாகக் கிடைப்பதில்லை.

தோட்டத்து லயங்களிலிருந்து இத்தகைய அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. லயத்துக் கூரை ஒழுகினால் கிராணியிடம் முறையிடுவர். பழுதுபார்ப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை. அடுக்ககத்திலோ உரிமையாளர்கள் கூடியே நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முறையிட்டுப் பழகியோர் ஒரே நாளில் முறையீட்டைக் கேட்கும் இடத்திற்கு வந்துவிட்டனர். கட்டணம் செலுத்தாதோரைப் பொறுப்பற்றவர் எனப் பழிப்பது எளிது. அம்மாற்றத்தின் பொருளை அவர்கள் மொழியில் விளக்கியோர் எத்தனை பேர் என்பதே கேட்கத்தக்க வினா.

குறையின் இடத்தை விரைந்து காண மலேசியச் சட்டத்தின் ஊகம் பயன்படும். செலவைப் பகிர்வதற்குக் கழகத்தின் முறையே பழங்கட்டடங்களுக்கு ஏற்றது. இரண்டும் இணைந்து, வறியோரின் பங்கைத் தாங்க நிலையான பொதுநிதியும் அமையுமாயின் தீர்வு முழுமை பெறும்.

பேச்சு வழக்கில் ‘பொது’ என்பது யாருக்கும் சொந்தமில்லாதது என்றே பலவேளை பொருள்படுகிறது. சட்டமோ அனைவருக்கும் சொந்தம் என்கிறது. இவ்விரு பொருளுக்கும் இடையிலுள்ள விரிசல் வழியாகவே நீர் கசிகிறது. அதனை அடைக்கும் பணி கொத்தனாருக்கு மட்டுமன்று, சொற்பொருள் கற்பிக்கும் ஆசிரியருக்கும் உரியது.