தடம் பிடிக்கும் வெயில்

தடங்களைப் படமெடுத்தவர்களில் அழகுக்காக எடுத்தவர்கள் பெரும்பாலும் தோற்றிருக்கிறார்கள். எதையோ தெரிந்துகொள்ள எடுத்தவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். கடற்கரை ஈரமணலில் ஜோடியாகப் போகும் காலடிகள், கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒன்றுசேரும் தண்டவாளம், மணல்மேட்டின் முதுகில் ஒட்டக வரிசை எல்லாம் காலண்டருக்குப் போதும்; பார்த்த மாத்திரத்தில் தீர்ந்துவிடும். திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கவைக்கும் தடப்படங்கள் வேறு ஜாதி. அவற்றை எடுத்தவர்களில் பலர் தங்களைக் கலைஞர்கள் என்று சொன்னால் சிரித்திருப்பார்கள்.

உலகமே பார்த்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். 1969 ஜூலை 20 அன்று நிலவின் மண்ணில் பதிந்த பூட்ஸ் தடம். ஆம்ஸ்ட்ராங்கின் முதல் காலடி என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது உடன் இறங்கிய ஆல்ட்ரினின் கால், எடுத்தவரும் அவரே. சரித்திரத்தை நினைத்து அவர் அதை எடுக்கவில்லை. நிலவு மண் எவ்வளவு பாரம் தாங்கும், மிதித்தால் எப்படி அமுங்கும் என்று அறிய மண் இயல் நிபுணர்கள் கொடுத்தனுப்பிய வேலை அது. யாரும் மிதிக்காத மண்ணை முதலில் ஒரு படம், காலை வைத்து எடுத்த பிறகு அதே மண்ணை இன்னொரு படம். ஹாஸல்பிளாட் காமிராவின் கண்ணாடித் தகட்டிலிருந்த சின்னச் சின்னச் சிலுவைக் குறிகள் படத்தின்மேல் அப்படியே விழுந்திருக்கின்றன. அவையும் அளப்பதற்காகவே.

படம் ஏன் இவ்வளவு துல்லியமாக வந்தது என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று மண். காற்றும் தண்ணீரும் உருட்டித் தேய்க்காததால் நிலவுத் துகள்கள் கூர்கூராக இருக்கின்றன; ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, பூட்ஸ் அடியின் வரிகளைச் செங்குத்தான சுவர்களாக நிறுத்தின. மெரினாவின் காய்ந்த மணலில் அப்படி ஒரு சுவர் கணநேரம்கூட நிற்காது. இன்னொன்று வெயில். இறங்குபவர்களுக்கு மேடு பள்ளம் தெரியவேண்டும் என்று சூரியன் தாழ்ந்திருக்கும் நிலவுக் காலையாகப் பார்த்துத்தான் கலத்தை இறக்கினார்கள். உயிர்பிழைக்கத் தேர்ந்தெடுத்த அந்த வெளிச்சமே தடத்தின் ஒவ்வொரு வரப்புக்கும் நிழல் கொடுத்தது.

இந்தக் கலையின் முதல் பாடம் இதில் இருக்கிறது. தடம் என்பது தனி நிறமோ தனிப் பொருளோ இல்லாத ஒன்று. மண்ணில் மண்ணாலேயே ஆனது. உச்சி வெயிலில் அதை எடுத்தால் எதுவும் இருக்காது. காமிராவுக்குக் கிடைப்பது நிழல் மட்டும்தான். நிழல் கிடைக்க வெளிச்சம் படுத்து வரவேண்டும். குற்றம் நடந்த இடத்தில் செருப்புத் தடத்தைப் படமெடுக்கும் தடயவியல்காரருக்கு இது பாலபாடம். காமிராவை முக்காலியில் ஏற்றி, லென்ஸ் தரையை நேர்க்குத்தாகப் பார்க்கும்படி வைப்பார். தடத்தின் பக்கத்தில், அது எவ்வளவு ஆழமோ அதே ஆழத்துக்குப் பள்ளம் பறித்து அளவுகோலை வைப்பார். அளவுகோல் மேலே இருந்தால் அளவு பொய்யாகிவிடும். பிறகு வெயிலை மறைத்துவிட்டு, ஃபிளாஷைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, ஒரு பக்கத்திலிருந்து ஒன்று, அடுத்த பக்கத்திலிருந்து ஒன்று என்று சுற்றிச் சுற்றி எடுப்பார். கிழக்கிலிருந்து வரும் வெளிச்சத்தில் தெரியாத குதிகால் தேய்மானம் வடக்கிலிருந்து வரும்போது எழுந்து நிற்கும். என் கண்ணுக்கு இந்தப் படங்களில் ஒரு கறாரான அழகு உண்டு. எந்தக் கண்காட்சியிலும் அவற்றை மாட்டமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

வெளிச்சத்துக்கு ஒரு குறும்பும் உண்டு. நல்ல தடப்படம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பள்ளமாக இருந்த பாதம் மேடாகப் புடைத்து நிற்கும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை பழகிவிட்டது; கீழிருந்து வந்தால் பள்ளத்தை மேடாகப் படித்துவிடுகிறது. நிலவின் பெருங்குழிகளும் இப்படித்தான் கொப்புளங்களாகத் தோன்றி ஏமாற்றும். அதனால் தடப்படத்தை அச்சிடும்போது எந்தப் பக்கத்தை மேலே வைக்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை. பத்திரிகைகளில் புலித்தடம் பணியாரம் போல உப்பித் தெரிந்தால், பக்க வடிவமைப்பாளர் படத்தைச் சுழற்றியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

புலித்தடம் என்றதும் அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். புலி நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடக்கும். செந்நாய்த் தடத்தில் நகமுனை குத்தியிருக்கும். புலியின் உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பு மூன்று மடிப்பாக இருக்கும். முன்கால் பெரிது. இலையிலிருந்து சொட்டிய பனி தடத்துக்குள் குழி போட்டிருந்தால், பனி பெய்யுமுன் புலி போய்விட்டது. காட்டுப் பாதையின் நுண்புழுதியில் காலை வெயில் சாய்ந்திருக்கும்போது இவ்வளவும் ஒரே படத்தில் கிடைக்கும். இவ்வளவையும் சொல்லும் தடம் ஆளையும் சொல்லாதா என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. ஒடிசாவின் வன அதிகாரி எஸ். ஆர். சௌத்ரி 1966-இல் தடங்களைக் கொண்டு புலிகளை எண்ணும் முறையை வகுத்தார். தடத்தின்மேல் கண்ணாடி வைத்து வரைந்து, வரைபடங்களை ஒப்பிட்டு, இது ஒரு புலி, அது வேறு புலி என்று பிரித்தார்கள். பல பத்தாண்டுகள் நாடு முழுக்க இப்படித்தான் கணக்கெடுத்தார்கள்.

ஆனால் ஒரே பாதம் புழுதியில் ஒருவிதமாகவும் சேற்றில் ஒருவிதமாகவும் பதியும். நடையில் ஓர் அளவு, பாய்ச்சலில் ஓர் அளவு. ராஜஸ்தானின் சரிஸ்காவில் புலிகள் இருப்பதாகக் கணக்கு சொல்லிக்கொண்டிருக்க, 2005 வாக்கில் அங்கே ஒரு புலியும் மிஞ்சவில்லை என்பது தெரியவந்தது. அதன் பிறகு தேசியக் கணக்கெடுப்பில் தானியங்கிக் காமிராக்கள் வந்தன. புலி தானே வந்து நின்று தன் வரிகளைக் காட்டிப் படமெடுத்துக்கொள்கிறது. கேள்வியோடு எடுத்த படமே சிறந்தது என்றேன். தடத்துக்குப் பதில் தெரிந்த கேள்வியாக அது இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் முன்னால், என்ன வேகத்தில் என்பதையெல்லாம் தடம் தயங்காமல் சொல்லும். யார் என்று கேட்டால் உளறத் தொடங்கும்.

எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு நம்மூரிலேயே நல்ல பயிற்சிக்களம் இருக்கிறது. தை முதல் பங்குனி வரை சென்னைக் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவெல்லாம் கரையோரம் நடந்து தேடுவது ஆமையைவிட அதன் தடத்தைத்தான். பங்குனி ஆமை கால்களை மாற்றி மாற்றி வைக்கும். அதனால் இருபக்கத் துடுப்புக் குறிகளும் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி விழுகின்றன. பேராமை இரண்டு துடுப்புகளையும் ஒரே நேரத்தில் போட்டு உந்தும். அதன் குறிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். துடுப்பு தள்ளிய மணல் பின்பக்கம் குவிந்திருப்பதைப் பார்த்தால் ஏறியதா இறங்கியதா என்று தெரியும். இரண்டு தடமும் குறுக்கிடும் இடத்தில் மேலே கிடப்பது இறங்கியது. இரவில் ஃபிளாஷ் கூடாது. வெளிச்சம் ஆமையைக் குழப்பிவிடும். படமெடுக்க நினைப்பவருக்கு விடியற்காலை ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். கடலின் விளிம்பில் சூரியன் எழுந்த கணத்தில் தடம் முழுதும் கறுப்பு வெள்ளையாகப் பிரியும். அப்புறம் நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

மண்ணைவிட்டு மேலே போகலாம். நான் பார்த்ததிலேயே மிக உயர்ந்த தடப்படம் எதுவென்று கேட்டால், இயற்பியலாளர் கார்ல் ஆண்டர்சன் 1932 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் எடுத்ததைச் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் வில்சனைச் சொல்லவேண்டும். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சியில் 1894-இல் மேகத்தின்மேல் விழும் ஒளி வளையங்களைப் பார்த்து மயங்கியவர் சி. டி. ஆர். வில்சன். அதே மேகத்தைச் சோதனைச்சாலைக் கண்ணாடிக் கூண்டில் வரவழைக்க முயன்றார். ஈரக் காற்றைச் சட்டென்று விரிவடையவிட்டால் குளிர்ந்து மூடுபனியாகும். கண்ணுக்குத் தெரியாத மின்துகள் ஒன்று அந்த நேரத்தில் குறுக்கே போனால், அது போன வழியில் முதலில் துளிகள் கோக்கும். 1911-இல் அந்தக் கோட்டை அவர் படமெடுத்தார். அழகில் தொடங்கி அறிவில் முடிந்தது. என் முதல் வாக்கியத்துக்கு இது கொஞ்சம் இடைஞ்சலான உதாரணம்தான்.

ஆண்டர்சன் அந்த மேகக்கூண்டைப் பலமான காந்தப்புலத்தில் வைத்தார். மின்துகளின் பாதை வளையும். எந்தப் பக்கம் வளைகிறது என்பதிலிருந்து அதன் மின்னூட்டம் நேரா எதிரா என்று சொல்லலாம். அதில் ஒரு சிக்கல். மேலிருந்து வரும் எதிர்த்துகளும் கீழிருந்து போகும் நேர்த்துகளும் ஒரே மாதிரிதான் வளையும். போன திசை தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது. அவர் கூண்டின் நடுவில் 6 மில்லிமீட்டர் ஈயத் தகடு ஒன்றைக் குறுக்கே வைத்தார். தகட்டைத் துளைத்துப் போகும் துகள் வேகம் இழக்கும். வேகம் இழந்தால் கூடுதலாக வளையும். படத்தில் தகட்டுக்குக் கீழே கோடு மெல்ல வளைகிறது, மேலே இறுக்கமாக வளைகிறது. ஆகவே துகள் கீழிருந்து மேலே போயிருக்கிறது. ஆகவே நேர்மின்னூட்டம். ஆனால் பாதையோ எலக்ட்ரான் அளவு இலகுவான துகளுடையது. பாசிட்ரான் என்ற எதிர்ப்பொருள் இப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. சுமார் 1,300 படங்களில் அவருக்குத் தேறியவை 15. ஆமை மணலைப் பின்னுக்குத் தள்ளுவதைப் பார்த்துத் திசை சொல்வதும் இதுவும் ஒரே வித்தை. ஒரு பட்டையும் ஒரு மெல்லிய கோடும் மட்டுமே இருக்கும் அந்தப் படத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கூண்டே இல்லாமல், புகைப்படத் தகட்டையே மலைமேல் வைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. இந்திய இயற்பியலாளர்கள் விபா சௌத்ரியும் டி. எம். போஸும் டார்ஜிலிங்கிலும் அதைவிட உயரமான சந்தக்புவிலும் தகடுகளை வைத்து, அவற்றுக்குள் விண்கதிர்கள் விட்டுப்போன தடங்களை நுண்ணோக்கியில் படித்தார்கள். காமிராவும் இல்லை, லென்ஸும் இல்லை. துகள் நேராகப் படலத்துக்குள்ளேயே நடந்துபோகிறது. அது களைத்து வேகம் குறையக் குறைய வெள்ளிக் குருணைகள் நெருக்கமாக விழும். அதனால் தடத்தின் தடித்த முனை முடிவு, மெலிந்த முனை தொடக்கம். 1940-களின் தொடக்கத்தில் அவர்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். போர்க்காலத்தில் அவர்களுக்கு இன்னும் நுட்பமான தகடுகள் கிடைக்கவில்லை. மேம்பட்ட படலங்களோடு இதே வழியில் போன செசில் பவலுக்கு 1950-இல் நோபல் கிடைத்தது.

வானத் தடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காமிராவைத் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் மணிக்கு 15 டிகிரி கோடு இழுக்கும். துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வட்டமிடும் படங்கள் வடநாடுகளின் சொத்து. நமக்கு அது அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. கிழக்கே திருப்பினால் கோடுகள் ஏறக்குறைய நேராக எழும், அது நம் அட்சரேகைக்கே உரிய படம், ஆனால் அதை எடுப்பவர்கள் குறைவு. வானத் தடத்திலும் கேள்வியோடு எடுத்தவரே முன்னே நிற்கிறார். 1891-இல் ஜெர்மனியின் மாக்ஸ் வோல்ஃப் தொலைநோக்கியை நட்சத்திரங்களோடு சேர்த்து நகர்த்தினார். புள்ளிகளாக நின்றவை நட்சத்திரங்கள். நடுவில் சின்னக் கோடாக இழுபட்டது ஒரு குறுங்கோள். புகைப்படத்தால் கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறுங்கோள் அதுதான்.

செவ்வாயில் போகும் வண்டிகள் தங்கள் தடத்தைத் தாங்களே திரும்பிப் பார்த்துப் படமெடுக்கின்றன. கியூரியாசிட்டியின் சக்கரங்களில் துளைகள் உண்டு. உருளும்போது அவை மண்ணில், வண்டியை உருவாக்கிய ஆய்வகத்தின் பெயர்ச்சுருக்கமான ஜே. பி. எல். என்ற எழுத்துகளை மோர்ஸ் குறியில் அச்சிட்டுக்கொண்டே போகும். விளையாட்டு மாதிரி தெரிந்தாலும், ஒரு குறிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தைப் படத்தில் அளந்தால் சக்கரம் எவ்வளவு வழுக்கியது என்று கண்டுகொள்ளலாம். அதற்கு முன் போன ஸ்பிரிட்டின் முன்சக்கரம் ஒன்று 2006-இல் நின்றுபோனது. அதை இழுத்துக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்ததில் மண்ணில் ஒரு சால் விழுந்தது. 2007-இல் அந்தச் சாலில் வெள்ளையாக ஏதோ பளிச்சிட்டது. ஏறத்தாழ 90 சதவீதம் சிலிக்கா. முன்னொரு காலத்தில் அங்கே வெந்நீரோ நீராவியோ இருந்ததற்கு அடையாளம். நொண்டிக் கால் கிளறிய மண்.

கலைஞர்கள் பக்கம் ஒருவரையாவது காட்டவேண்டும். ரிச்சர்ட் லாங் 1967-இல் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஒரு புல்வெளியில் முன்னும் பின்னும் நடந்தார், புல் படிந்து வெயிலில் ஒரு கோடாகத் தெரியும்வரை. அதை ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார். அவ்வளவே. அப்போது அவர் மாணவர். நடப்பதே சிற்பமாகுமா என்ற கேள்வி அவருக்கு இருந்தது. அதனால்தான் வாழ்த்து அட்டைக்காரர்களிடமிருந்து அவர் பிரிந்து நிற்கிறார். ஒற்றையடிப் பாதைகள் நிறைந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அந்தப் படம் முதலில் கொஞ்சம் சிரிப்பூட்டும்.

கடைசியாக ஒரு வழக்கு. டான்சானியாவின் லெய்டோலியில் 36.6 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகளை மேரி லீக்கியின் குழு 1970-களில் கண்டது. இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தவர்களின் தடங்கள் அங்கே வரிசையாக இருந்தன. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி 1976-இல் கிடைத்த ஐந்து காலடிகள் மட்டும் விநோதமாக இருந்தன; கரடியாக இருக்கலாம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். 2019-இல் ஒரு குழு அவற்றை மறுபடி தோண்டித் துடைத்து, ஒவ்வொன்றையும் முப்பரிமாணத்தில் பதிவு செய்தது. ஒப்பிடக் கரடித் தடங்கள் வேண்டுமே. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் கரடிக் குட்டிகளுக்கு மேப்பிள் பாகும் ஆப்பிள் கூழும் காட்டி, பின்னங்காலில் எழுந்து சேற்றில் நடக்கவைத்துத் தடம் எடுத்தார்கள். காட்டுக் கரடிகளை 50 மணி நேரத்துக்கு மேல் வீடியோவும் எடுத்தார்கள். அவை இரண்டு காலில் நடந்தது அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கரடி இல்லை, நிமிர்ந்து நடந்த இன்னொரு மனித முன்னோடி என்று 2021-இல் அவர்கள் எழுதினார்கள். யார் என்ற கேள்வியைத் தடத்திடம் மறுபடியும் கேட்டிருக்கிறார்கள்; துறையில் எல்லாரும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.