ஆம்ப்பா, ஸ்பீக்கரா?

இரும்பையிலிருந்து ஒரு நண்பர் கேட்கிறார்: "கையில பத்தாயிரம் இருக்கு. ஸ்டீரியோவுல ஆம்ப்பை மாத்தவா, ஸ்பீக்கரை மாத்தவா?"

ஸ்பீக்கரைத்தான் ஸார். 50 வாட் ஆம்ப்பைத் தூக்கிவிட்டு 100 வாட் வைத்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய 10 டெசிபல் வேண்டும். அதற்கு 500 வாட்! பி.காம். படித்தவனுக்கு இது நஷ்டக் கணக்கு. 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி ஸ்பீக்கருக்குப் பதில் 90 வாங்கினால் அதே 3 டெசிபல் ஓசியில் வருகிறது. அட்டைப்பெட்டியில் 'பி.எம்.பி.ஓ. 2000' என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கடைக்குப் போகும்போது இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' (1986) கொண்டுபோங்கள். வி.எஸ்.நரசிம்மனின் வயலின் கொசு மாதிரி கத்தினால் குற்றம் ராஜாவுடையதல்ல, ட்வீட்டருடையது. அடியில் நடக்கும் பேஸ் தனியாகக் கேட்கிறதா, இல்லை மொத்தமாக 'தம் தம்' என்று இடிக்கிறதா பாருங்கள். இடிப்பதைத்தான் நம்மாட்கள் 'செம பேஸ்' என்கிறார்கள்.

இன்னொன்று. மரக்காணத்தில் உப்பு விளையும் அதே கடற்கரைப் பக்கம்தான் உங்கள் ஊரும். (பேரிலேயே இரும்பு, துரு பிடிக்காமல் இருக்குமா?) ஒயர் நுனி பச்சை பூத்திருந்தால் வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி மாட்டுங்கள். கோனைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பை விரலால் தொடுங்கள். உதிர்ந்தால் விளிம்பை மட்டும் மாற்றித் தருகிற ரிப்பேர்காரர்கள் இருக்கிறார்கள். புதுசு வாங்குவதென்றால் ரப்பர் விளிம்பாகக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால், பீரோ மேலிருக்கும் பெட்டிகளை இறக்கி, காது உயரத்தில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்து ஒரு வாரம் கேளுங்கள். பத்தாயிரம் பாங்க்கிலேயே இருக்கட்டும்.