கிரனோன் மலையில் ஒரு கூட்டுச் சூழ்ச்சி

சைக்கிள் பந்தயத்தின் மலைக் கட்டத்தை ரசிகர்கள் சதுரங்கம்போல அலசுவார்கள். யார் முதலில் பாய்ந்தார், யார் பின்சக்கரத்தை விடாமல் பிடித்தார், எந்த அணியில் துணைக்கு ஆள் மிச்சமிருந்தது என்று பேச்சு நீளும். அப்படி இன்றும் பேசப்படுவது 2022 டூர் டி பிரான்ஸின் 11ஆம் கட்டம்.

ஒட்டுமொத்த முன்னிலைக்கான மஞ்சள் சட்டை அணிந்திருந்தவர் தடேய் பொகாச்சார். முந்தைய இரண்டு டூர்களையும் வென்றவர். அவரைத் தனி ஆளாக வீழ்த்துவது கடினம் என்று ஜம்போ விஸ்மா அணிக்குத் தெரியும். அதனால் 2,642 மீட்டர் உயர கலிபியே மலைப்பாதையில் அந்த அணியின் வீரர்கள் ரோக்லிச்சும் விங்கேகோரும் மாறி மாறிப் பாய்ந்தார்கள். ஒவ்வொரு பாய்ச்சலையும் பொகாச்சாரே துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

அதற்கான விலை கடைசி ஏற்றத்தில் தெரிந்தது.

கோல் து கிரனோன் 11.3 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 9 சதவீதத்துக்கும் மேல். இவ்வளவு செங்குத்தில் வேகம் குறைந்துவிடும். முன்னே செல்பவரின் காற்று மறைவும் அதிகம் உதவாது. உச்சிக்கு ஐந்து கிலோமீட்டர் அளவில் இருக்கும்போது விங்கேகோர் எழுந்து மிதித்தார். பொகாச்சாரால் பதில் தர முடியவில்லை. சட்டை ஜிப்பைத் திறந்துவிட்டு, தன் போக்கில் ஏறி, 2 நிமிடம் 51 விநாடி பின்தங்கி வந்தார்.

ரோக்லிச் அன்று நிறைய நேரத்தை இழந்தார். ஆனால் அந்த டூரை வென்ற விங்கேகோரின் மஞ்சள் சட்டையில் அவர் உழைப்புக்கும் பங்குண்டு.